ஐரோப்பாவின் ஆற்றல் சேமிப்பு: காகிதக் கணக்கும் குளிர்ந்த வீடும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவு செலவைச் சரிபார்க்கும் தணிக்கை மன்றம் 2012ஆம் ஆண்டு வரிசையில் வெளியிட்ட ஓர் அறிக்கை, ஆற்றல் சேமிப்பில் அக்கறை உள்ள எவரும் படித்திருக்க வேண்டியது. ஒன்றியத்தின் வளர்ச்சி நிதியைக் கொண்டு செக் குடியரசு, இத்தாலி, லிதுவேனியா ஆகிய நாடுகள் பொதுக் கட்டடங்களின் சுவர்களுக்கு வெப்பக் காப்பு போட்டன, சன்னல்களை மாற்றின, கூரைகளைப் புதுப்பித்தன. போட்ட பணம் எரிபொருள் செலவில் மிச்சமாகித் திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகும் என்று தணிக்கையாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். சராசரியாக 50 ஆண்டு. மிக மோசமான இடங்களில் 150 ஆண்டு. மாற்றிய சன்னல்களே அவ்வளவு காலம் தாங்கமாட்டா.

பணம் களவு போனதாக அந்த அறிக்கை சொல்லவில்லை. வேலை நடந்தது; உள்ளே இருப்பவர்களுக்கு வசதியும் கூடியது. குறை வேறிடத்தில் இருந்தது. எந்தக் கட்டடத்தில் ஒரு யூரோவுக்கு அதிக ஆற்றல் மிச்சமாகும் என்று யாரும் வரிசைப்படுத்திப் பார்க்கவில்லை. எப்படியும் பழுதுபார்க்க வேண்டியிருந்த கட்டடங்களுக்கு ஆற்றல் சேமிப்பு என்ற தலைப்பில் நிதி கிடைத்தது, அவ்வளவுதான். ஐரோப்பாவின் ஆற்றல் கொள்கையை அரை நூற்றாண்டு நீளத்தில் பார்த்தால் இதே காட்சி பல நாடுகளில் தென்படுகிறது. சேமிக்க ஏராளம் இருக்கிறது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். கருவிகள் கையில் இருக்கின்றன. பணமும் ஒதுக்கப்படுகிறது. ஆனால் நாட்டுக்கு நாடு விளைவு மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

ஏன் என்ற கேள்விக்கு நான் கண்ட விடை இது: ஒரு நாட்டில் எவ்வளவு ஆற்றலை மிச்சப்படுத்த முடியும் என்பதில் சுவர்களுக்கும் கொதிகலன்களுக்கும் பாதிப் பங்குதான். வீடு யாருக்குச் சொந்தம், செலவு யார் கையிலிருந்து போகிறது, மிச்சம் யார் கைக்கு வருகிறது, சட்டம் எத்தனை ஆண்டு மாறாமல் நிற்கிறது என்பவை மீதிப் பாதியைத் தீர்மானிக்கின்றன. அந்த மீதிப் பாதியைக் கணக்கில் சேர்க்காததால்தான் அறிக்கைகளின் எண்ணும் வீட்டின் மீட்டர் காட்டும் எண்ணும் ஒட்டாமல் போகின்றன.

இந்தச் சேமிப்பு வாய்ப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். ஐரோப்பிய ஆணையத்துக்காக ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தின் தலைமையில் 2009இல் முடிக்கப்பட்ட பெரிய ஆய்வு ஒன்று, உறுப்பு நாடுகளையும் ஒன்றியத்தில் சேரக் காத்திருந்த நாடுகளையும் நார்வே போன்ற அண்டை நாடுகளையும் சேர்த்து, 2030 வரைக்கும் நான்கு பாதைகளை வரைந்தது. அரசு புதிதாக ஒன்றும் செய்யாமலேயே நடக்கும் முன்னேற்றம் ஒன்று. கொள்கை மெதுவாக நடந்தால் கிடைப்பது இரண்டாவது. கொள்கை உறுதியாக நடந்தால் கிடைப்பது மூன்றாவது. செலவைப் பெரிதாகப் பாராமல் இருப்பதிலேயே சிறந்த தொழில்நுட்பத்தை எங்கும் புகுத்தினால் கிடைக்கும் உச்சம் நான்காவது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. இரண்டிலும் இயந்திரங்கள் அவையேதான். மாறுவது, வீட்டுக்காரர் தன் முதலீட்டிலிருந்து எவ்வளவு வேகமாக, எவ்வளவு வட்டியோடு பணம் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்பதும், அவர் எதிரே நிற்கும் தடைகளும்தான். கடன் எளிதில் கிடைக்காத, அக்கம்பக்கத்தாரின் சம்மதம் கிடைக்காத, நாளைக்கு விதி மாறுமோ என்ற பயம் உள்ள நாட்டில் ஒருவர் மூன்றே ஆண்டில் பணம் திரும்ப வேண்டும் என்பார். அந்தத் தடைகள் இல்லாத நாட்டில் அதே மனிதர் பதினைந்து ஆண்டு பொறுப்பார். சேமிப்பு வாய்ப்பின் அளவு இந்தப் பொறுமையோடு சேர்ந்து விரிந்து சுருங்குகிறது.

இந்தச் சேமிப்பு எங்கே கிடக்கிறது? 2022இல் ஒன்றியத்தின் இறுதி ஆற்றல் நுகர்வில் போக்குவரத்துக்கு 31 விழுக்காடு, வீடுகளுக்கு ஏறக்குறைய 27, தொழில்துறைக்கு 25. வீடுகள் செலவழித்ததில் 63 விழுக்காட்டுக்கு மேல் அறைகளைச் சூடாக்கவே போனது. வெந்நீருக்கு இன்னொரு 15. விளக்கு, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சமையல் எல்லாம் சேர்ந்தும் எஞ்சிய சிறு பங்குதான். வெயிலோடு போராடும் நமக்கு உடனே மனத்தில் பதியாத செய்தி இது. அங்கே வீட்டு ஆற்றல் என்றால் முதலில் குளிர்கால வெப்பம். இன்று நிற்கும் கட்டடங்களில் 85 விழுக்காடு 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டவை. நான்கில் மூன்று பங்கு கட்டடங்களின் ஆற்றல் திறன் மோசம் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு கட்டடங்களே புதுப்பிக்கப்படுகின்றன. அதிலும் நுகர்வை அறுபது விழுக்காடாவது குறைக்கும் ஆழமான புதுப்பித்தல் 0.2 விழுக்காடுதான்.

முடியாத காரியம் என்று இதை யாரும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியலரின் முயற்சியில் 1990–91இல் எழுந்த வரிசை வீடுகள், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணிக்குள் வெப்பத் தேவையை அடக்கிக்காட்டின. தடித்த காப்பு, மூன்று அடுக்குக் கண்ணாடி, வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் கருவி ஆகியவற்றால் இது நடந்தது. மாயம் ஒன்றும் இல்லை. ‘பாசிவ்ஹவுஸ்’ என்று அந்த முறைக்குப் பெயர் நிலைத்தது. முப்பது ஆண்டுக்கு மேலாக வழி தெரிந்தே இருக்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கூர்மையாகக் கேட்க வைக்கிறது.

டென்மார்க்கை எடுத்துக்கொள்வோம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்நாட்டின் ஆற்றலில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி எண்ணெயிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசு தடை போட்டது. பல நாடுகள் நெருக்கடி தணிந்ததும் பழைய வழிக்குத் திரும்பின. டென்மார்க் திரும்பவில்லை. 1976இல் முதல் ஆற்றல் திட்டம், 1979இல் வெப்ப வழங்கல் சட்டம், அதே காலத்தில் கட்டட விதிகளில் கடுமையான காப்பு அளவுகள் என்று அடுத்தடுத்து வந்தன. வெப்பச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லையை வரைபடத்தில் பிரித்தது. இந்தப் பகுதிக்குக் குழாய் வழி வெந்நீர், அந்தப் பகுதிக்கு எரிவாயு. மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்தபின் எஞ்சும் சூடு கடலுக்குள் போகாமல் குழாய் வழியே வீடுகளுக்குப் போயிற்று. குப்பை எரிக்கும் ஆலையின் சூடும் அப்படியே. 1988இல் புதுக் கட்டடங்களில் மின்சாரச் சூடேற்றிகள் தடைசெய்யப்பட்டன. இன்று நாட்டின் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் குழாய் வலையில் இருக்கின்றன. கோபன்ஹேகனில் ஏறத்தாழ எல்லா வீடுகளும்.

இதில் பொறியியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, வெப்பம் விற்கும் நிறுவனம் லாபம் வைக்கக்கூடாது என்ற சட்ட விதி. நகராட்சியோ பயனாளர் கூட்டுறவோ நடத்தும் அந்த அமைப்பு, ஆன செலவை மட்டுமே வசூலிக்கலாம். குழாயோடு சேர வேண்டும் என்ற கட்டாயத்தை மக்கள் ஏற்றதற்கு இது பெரிய காரணம். இரண்டாவது, ஆட்சிகள் மாறியபோதும் சட்டத்தின் எலும்புக்கூடு மாறாமல் இருந்தது. குழாய் பதித்தவருக்கும் காப்பு போடக் கற்றுக்கொண்ட தொழிலாளிக்கும் அடுத்த இருபது ஆண்டுக்கு வேலை உண்டு என்ற உறுதி இருந்தது. பல பத்தாண்டுகளாக டென்மார்க்கின் பொருளாதாரம் வளர்ந்துகொண்டே போக, மொத்த ஆற்றல் நுகர்வு ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது.

பிரிட்டன் இதற்கு நேர்மாறான பாடம். 1994 முதலே அங்கே ஓர் அருமையான ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. மின்சாரமும், பின்னர் எரிவாயுவும் விற்கும் நிறுவனங்களே தங்கள் வாடிக்கையாளர்களின் வீடுகளில் சேமிப்பு வேலைகளைச் செய்துகாட்ட வேண்டும். அந்தச் செலவு எல்லோருடைய கட்டணத்திலும் சிறு துளியாகச் சேரும். இதன் கீழ் இலட்சக்கணக்கான வீடுகளில் இரட்டைச் சுவர்களின் இடைவெளியில் காப்பு நிரப்பப்பட்டது, பரணில் கம்பளி விரிக்கப்பட்டது. 2005இல் கொண்டுவந்த இன்னொரு விதி, புதிதாகப் பொருத்தும் எரிவாயுக் கொதிகலன் புகையின் சூட்டையும் உறிஞ்சும் வகையாக இருக்க வேண்டும் என்றது. அதற்காகப் பெரிய விளம்பரமோ மானியமோ இல்லை. பழைய கொதிகலன் பழுதானபோதெல்லாம் வீடு தானாகவே திறன் கூடியதாயிற்று.

2013இல் அரசு பாதையை மாற்றியது. ‘கிரீன் டீல்’ என்ற திட்டத்தில் வீட்டுக்காரர் கடன் வாங்கிக் காப்பு போட்டுக்கொண்டு, மின் கட்டணத்தோடு சேர்த்துத் தவணை கட்டலாம். மிச்சமாகும் தொகையைவிடத் தவணை கூடக்கூடாது என்பது விதி. காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் வட்டி 7 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. கடன் மனிதரோடு போகாமல் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது வீட்டை விற்க நினைப்பவரைத் தயங்க வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பரணில் கம்பளி விரிப்பதற்காகக் கடனாளியாக யாருக்கும் ஆசை இல்லை. 2015இல் அரசு நிதியை நிறுத்தியது. மொத்தம் சுமார் 14,000 கடன்கள். அரசுக்கு ஆன செலவு 24 கோடி பவுண்டு. ஒரு கடனுக்கு 17,000 பவுண்டு என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2016இல் கணக்குச் சொன்னது. அதைவிடப் பெரிய இழப்பு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுபோனது. பரண், சுவர்க் காப்பு வேலைகள் 2012இன் அளவிலிருந்து 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தன. அந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். 2022இல் எரிவாயு விலை பல மடங்கு ஏறியபோது, பத்து ஆண்டுக்கு முன் மூடப்பட்டிருக்க வேண்டிய அந்தச் சுவர் இடைவெளிகள் வழியாக எத்தனையோ குடும்பங்களின் பணம் வெளியேறியது.

விற்கும் நிறுவனங்களிடமே சேமிப்பைக் கேட்ட, பிரிட்டன் தளர்த்திய அந்தப் பழைய வழியைத்தான் ஒன்றியம் தன் 2012ஆம் ஆண்டு ஆற்றல் திறன் ஆணையின் மையமாக வைத்தது. ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு 1.5 விழுக்காடு அளவுக்குப் புதிய சேமிப்பைக் காட்ட வேண்டும். எரிபொருள் நிறுவனங்கள் மீது கடமையாகச் சுமத்தலாம், அல்லது வரி, மானியம் போன்ற மாற்று வழிகளில் அதே சேமிப்பைக் கொண்டுவரலாம். இத்தாலியும் பிரான்சும் அதற்கு முன்பே, 2005–06 வாக்கில், சேமிப்பைச் சான்றிதழாக்கி வாங்கி விற்கும் சந்தையைத் தொடங்கியிருந்தன. வெள்ளைச் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். இத்தாலியின் சந்தையில் தொழிற்சாலைகள் பெரும் பங்கு வகித்தன. ஆலையில் ஒரு மோட்டாரை மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று மீட்டரிலேயே பார்க்கலாம் என்பதால் அங்கே கணக்கு ஓரளவு நேராக நின்றது. பிரான்சில் வீடுகளுக்கான காப்பை ஒரே ஒரு யூரோவுக்குப் போட்டுத்தருகிறோம் என்று அழைத்த நிறுவனங்கள் பெருகின. வேலையின் தரம் பற்றிய புகார்களும் மோசடிகளும் கூடவே பெருகின. 2021இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

இலவசத்தின் கதையில் உச்சம் இத்தாலியின் ‘சூப்பர்போனஸ்’. பெருந்தொற்றால் முடங்கிய கட்டுமானத் தொழிலை எழுப்ப 2020 மே மாதத்தில் வந்த அவசரச் சட்டம், வீட்டின் ஆற்றல் தரத்தை இரண்டு படி உயர்த்தினால் செலவில் 110 விழுக்காட்டை வரிச் சலுகையாகத் தந்தது. அந்தச் சலுகையை வங்கிக்கோ ஒப்பந்ததாரருக்கோ மாற்றிக்கொடுத்துவிடலாம் என்பதால் வீட்டுக்காரர் கையிலிருந்து காசு போக வேண்டியதில்லை. தன் பணம் ஒரு காசும் போகாதபோது விலையைப் பேரம் பேசுவதற்கு எவருக்கும் காரணம் இல்லை. சாரம் கட்டும் செலவு முதல் எல்லாம் ஏறின. செய்யாத வேலைக்கும் சலுகைகள் கைமாறின. அரசுக்கு ஆன செலவு 12,000 கோடி யூரோவைத் தாண்டியது. அதில் புதுப்பிக்கப்பட்டவை சுமார் ஐந்து இலட்சம் கட்டடங்கள், நாட்டின் குடியிருப்புக் கட்டடங்களில் ஏறக்குறைய நான்கு விழுக்காடு. 2023 பிப்ரவரியில் சலுகையைக் கைமாற்றும் வழி அடைக்கப்பட்டது. பாதி வேலையில் சாரங்கள் நின்ற தெருக்கள் எத்தனையோ. அந்தத் தொகையை டென்மார்க் போல இருபது ஆண்டுக்குப் பரப்பி, மிக மோசமான வீடுகளிலிருந்து தொடங்கியிருந்தால் எவ்வளவு நடந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பணம் பற்றாத நாடு தோற்பதைப் புரிந்துகொள்ளலாம். இத்தாலியிடம் பணம் இருந்தது. அவசரமே அதைத் தின்றது.

வாடகை வீடுகளின் சிக்கல் வேறு வகை. ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. சுவருக்குக் காப்பு போட வேண்டியவர் வீட்டு உரிமையாளர். எரிவாயுக் கட்டணம் குறையும் பலன் குடியிருப்பவருக்கு. உரிமையாளருக்கு அக்கறை வரவேண்டுமென்றால் வாடகையை ஏற்ற விட வேண்டும். ஏற்ற விட்டால் குடியிருப்பவர் வீட்டைவிட்டே போக நேரலாம். செலவில் ஆண்டுக்கு 11 விழுக்காடு வரை வாடகையில் ஏற்றலாம் என்றிருந்த ஜெர்மன் சட்டம் 2019 முதல் அதை 8 விழுக்காடாகக் குறைத்தது. 2023 சனவரியில் வந்த இன்னொரு சட்டம் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. எரிபொருள் மீதான கரிம வரியை உரிமையாளரும் குடியிருப்பவரும் பத்துப் படிநிலைகளின்படி பகிர்ந்துகொள்ள வேண்டும். வீடு மிக மோசம் என்றால் வரியில் 95 விழுக்காடு உரிமையாளர் தலையில். வீடு நன்றாக இருந்தால் முழுவதும் குடியிருப்பவர் பொறுப்பு. வரித் தொகை இன்னும் சிறிதுதான். ஆனால் யாரால் மாற்ற முடியுமோ அவரிடம் செலவைக் கொண்டுபோய் வைக்கும் திசை சரியானது.

பிரான்ஸ் நேரடித் தடையைக் கையில் எடுத்தது. ஏ முதல் ஜி வரையான ஆற்றல் தர எழுத்துகளில் ஜி பெற்ற வீடுகளை 2025 முதல் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது. எஃப் வீடுகளுக்கு 2028, ஈ வீடுகளுக்கு 2034 காலக்கெடு. சட்டம் துணிச்சலானது. ஆனால் எழுத்தைத் தருவது ஒரு கணக்கீடு. அதில் மின்சாரத்தை மூல ஆற்றலாக மாற்றிக் காட்டும் பெருக்கு எண்ணை 2026 சனவரி முதல் 2.3இலிருந்து 1.9ஆகக் குறைத்திருக்கிறார்கள். பிரான்சின் மின்சாரம் கரிமம் குறைந்தது, எனவே பழைய எண் மின்சாரத்தால் சூடாகும் வீடுகளுக்கு அநியாயம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. விளைவு என்னவென்றால், சுமார் எட்டரை இலட்சம் வீடுகள் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் மோசமான எழுத்துகளிலிருந்து வெளியேறுகின்றன. உள்ளே இருப்பவரின் கட்டணமும் குளிரும் அப்படியேதான்.

கணக்கீட்டுக்கும் மீட்டருக்கும் உள்ள இந்தத் தூரத்தை மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் துல்லியமாகக் காட்டினார்கள். சுமார் 3,400 ஜெர்மன் வீடுகளின் தரச் சான்றிதழ் எண்ணையும் மெய்யான நுகர்வையும் ஒப்பிட்டபோது, குடியிருப்பவர்கள் சராசரியாகக் கணக்கைவிட 30 விழுக்காடு குறைவாகவே வெப்பம் செலவழித்தது தெரிந்தது. வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு பெரிது இந்த இடைவெளி. மிக நல்ல வீடுகளில் நிலை தலைகீழ். அங்கே கணக்கைவிடக் கூடுதலாகச் செலவாகிறது. காரணம் எளிது. ஓட்டை வீட்டில் இருப்பவர் எல்லா அறைகளையும் சூடாக்குவதில்லை. ஓர் அறையில் மட்டும் சூட்டை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் கம்பளிச் சட்டையோடு நடமாடுகிறார். சான்றிதழோ வீடு முழுவதும் இதமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, அங்கே பெரிய சேமிப்பு காத்திருப்பதாகச் சொல்கிறது. செலவழிக்காத ஆற்றலை யாராலும் மிச்சப்படுத்த முடியாது.

ஐரோப்பாவின் கிழக்கிலும் தெற்கிலும் போகப்போக இந்த இடைவெளி வறுமையின் வடிவம் எடுக்கிறது. பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் கான்கிரீட் பலகைகளைக் கோத்து எழுப்பிய அடுக்குமாடிகள் பால்டிக் நாடுகளிலும் பல்கேரியாவிலும் இன்னும் இலட்சக்கணக்கானோரின் வீடு. வெப்பம் குழாயில் வந்தது, ஆனால் அறையில் திருகி அடைக்கக் குமிழ் கிடையாது. கட்டணம் தரைப் பரப்பின்படி. சூடு அதிகமானால் சன்னலைத் திறப்பதே வழி. பால்டிக் நாடுகளில் 1990களில் அந்த வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கப்பட்டன. ஒரே அரசு உரிமையாளர் இருந்த இடத்தில் அறுபது, எழுபது உரிமையாளர்கள் வந்தார்கள். சுவர் எல்லோருக்கும் பொது. காப்பு போட எல்லோரும் கூட வேண்டும்.

எஸ்டோனியா இதை அமைப்பு வழியாக அவிழ்த்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிமையாளர் சங்கம், சங்கத்தின் பெயரில் வங்கிக் கடன், அதற்குமேல் அரசின் மானியம். 2010இல் தொடங்கிய மானியம், செய்யும் வேலையின் ஆழத்தைப் பொறுத்து 15, 25, 35 விழுக்காடு என்று படிப்படியாக ஏறியது. எஸ்டோனியா தன் உபரி உமிழ்வு உரிமங்களை லக்சம்பர்க்குக்கு விற்ற பணம் அதற்குப் பயன்பட்டது. மீதிச் செலவு தங்களுடையது என்பதால் சங்கத்தினர் ஒப்பந்ததாரரைக் கேள்வி கேட்டார்கள். பல்கேரியா 2015இல் வேறு வழி போனது. பலகைக் கட்டடங்களுக்கு முழுச் செலவையும் அரசே ஏற்றது. கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன, மக்களுக்கு நன்மையும் உண்டு. ஆனால் சங்கங்கள் கடன் வாங்கி நடத்தப் பழகும் வாய்ப்பு வரவில்லை. நிதி தீர்ந்ததும் அடுத்த இலவசத்துக்குக் காத்திருப்பதே வழக்கமாயிற்று.

ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஒன்றியத்தின் மக்களில் 10.6 விழுக்காட்டினர் தம் வீட்டைப் போதுமான அளவு சூடாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்றார்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 20.8, பல்கேரியாவில் 20.7, லிதுவேனியாவில் 20. பனி உறையும் பின்லாந்தில் வெறும் 2.6. குளிர் கடுமையான நாட்டில் வீடு குளிருக்கென்றே கட்டப்பட்டது. மிதமான நாட்டில் சுவர் மெலிந்தது, சூடேற்றும் ஏற்பாடு இல்லை. 14 ஐரோப்பிய நாடுகளில் குளிர்கால மரணங்களை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்விலும் இதே வரிசைதான். மற்றப் பருவங்களைவிடக் குளிர்காலத்தில் கூடுதலாக நிகழும் மரணங்கள் போர்ச்சுகலில் மிக அதிகம். ஸ்பெயினும் அயர்லாந்தும் அடுத்து வந்தன. பின்லாந்து கடைசியில் இருந்தது.

வீட்டுச் சுவர்களைவிட்டு வெளியே வந்தால் வெற்றி மிக அமைதியாக நடந்த இடம் ஒன்று உண்டு: கருவிகளின் தரவிதிகள். நம் ஊர்க் குளிர்பதனப் பெட்டியில் நட்சத்திரம் போல அங்கே எழுத்து. 2009 செப்டம்பரில் 100 வாட் குண்டு பல்பு கடைக்கு வருவது நின்றது. 2013 முதல் காத்திருப்பு நிலையில் பெரும்பாலான கருவிகள் அரை வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. ஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் குவிந்து பொருளிழந்தபோது, 2021 மார்ச் முதல் பல கருவிகளுக்கு அளவுகோலையே திருத்தி மறுபடி கீழிருந்து தொடங்கினார்கள். வாங்குபவர் கடனும் எடுக்க வேண்டியதில்லை, அண்டை வீட்டாரைக் கேட்கவும் வேண்டியதில்லை. உற்பத்தியாளர்கள் சில நூறு பேரைக் கட்டுப்படுத்தியதில் நாற்பத்தைந்து கோடிப் பேரின் வீடுகளில் மாற்றம் வந்தது. போக்குவரத்தில் இந்த வழி இவ்வளவு பலன் தரவில்லை. எஞ்சின் திறன் கூடியபோதெல்லாம் காரின் எடையும் கூடியது.

ரஷ்யா 2022இல் உக்ரைன் மீது படையெடுத்தபின் எல்லாக் கணக்கும் அவசரமாயிற்று. முந்தைய ஆண்டு ஒன்றியத்தின் எரிவாயு இறக்குமதியில் ஏறக்குறைய 45 விழுக்காடு ரஷ்யாவிடமிருந்து வந்திருந்தது. 2022 ஆகஸ்டு முதல் 2023 மார்ச் வரை நுகர்வை 15 விழுக்காடு குறைப்போம் என்று உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன; குறைத்ததோ 18 விழுக்காடு. ஸ்பெயின் பொது இடங்களில் குளிரூட்டியை 27 டிகிரிக்குக் கீழும் சூடேற்றியை 19 டிகிரிக்கு மேலும் வைக்கத் தடை விதித்தது. ஜெர்மனியின் அரசு அலுவலகங்களும் 19 டிகிரியில் இயங்கின. பெருமைப்படத்தக்க ஒத்துழைப்புதான். ஆனால் அந்த 18 விழுக்காட்டுக்குள் மிதமான குளிர்காலம் இருந்தது, உற்பத்தியை நிறுத்திய உர ஆலைகள் இருந்தன, விலைக்குப் பயந்து சூடேற்றியை அணைத்துவிட்ட வீடுகள் இருந்தன. சுவர் மாறியதால் வந்த சேமிப்பு அதில் எவ்வளவு என்பதை அந்த ஒற்றை எண் காட்டாது. 2020ஆம் ஆண்டு இலக்கிலும் நடந்தது இதுதான். இறுதி நுகர்வை எண்ணெய்க் கணக்கில் 95.9 கோடி டன்னுக்குள் வைப்பது குறி. 2019இல் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்த ஒன்றியம், 2020இல் சுமார் 91 கோடிக்கு இறங்கி இலக்கை எட்டியதாக அறிவித்தது. பெருந்தொற்றின் ஊரடங்கு அந்தக் கணக்கை முடித்துக்கொடுத்தது.

2023இல் திருத்தி எழுதப்பட்ட ஆணை, 2030இல் இறுதி நுகர்வு 76.3 கோடி டன்னைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆண்டுச் சேமிப்புக் கடமை 1.3 விழுக்காட்டில் தொடங்கி 2028 முதல் 1.9க்கு ஏறும். எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது எண்கள் அல்ல. அந்தச் சேமிப்பில் ஒரு பங்கை ஆற்றல் வறுமையில் இருப்பவர்களின் வீடுகளில் செய்துகாட்ட வேண்டும் என்ற புதிய கட்டாயம். அதற்குத் துணையாக 2026 முதல் 2032 வரைக்கும் 8,670 கோடி யூரோ வரை திரட்டக்கூடிய சமூகக் காலநிலை நிதியும் அமைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டாயம் வேலை செய்ய வேண்டுமென்றால் அளவுகோல் மாற வேண்டும். இங்கிலாந்தில் வறிய குடும்பங்களுக்காக நடந்த ‘வார்ம் ஃபிரன்ட்’ திட்டத்தை 2000களில் ஆராய்ந்தவர்கள் கண்டது இதற்கு நல்ல சான்று. சுவருக்கும் பரணுக்கும் காப்பு போட்டால் எரிபொருள் பாதிக்கு அருகில் குறையும் என்றது கோட்பாட்டுக் கணக்கு. மீட்டரில் குறைந்ததோ 10 முதல் 17 விழுக்காடு. ஒரு யூரோவுக்கு எத்தனை கிலோவாட் மணி என்று மட்டும் கேட்கும் தணிக்கையாளர் இதைத் தோல்வி என்றே எழுதுவார். அடுத்த முறை நிதி, எல்லா அறைகளிலும் ஏற்கெனவே சூடேற்றி ஓடும் வசதியான வீடுகளுக்குப் போகும், ஏனென்றால் அங்கேதான் மீட்டர் வேகமாக இறங்கும். ஆனால் அதே வீடுகளில் வெப்பமானி வைத்துப் பார்த்தவர்கள் வரவேற்பறையும் படுக்கையறையும் முன்பைவிடச் சூடாகியிருந்ததைப் பதிவுசெய்தார்கள். காகிதக் கணக்கில் காணாமல் போன சேமிப்பின் ஒரு பங்கு அந்த அறைகளின் சூடாகத்தான் மாறியிருந்தது. எனவே சோஃபியாவிலோ லிஸ்பனிலோ ஒரு வீட்டைப் புதுப்பிக்குமுன்னும் பின்னும் மீட்டரோடு அறையின் வெப்பநிலையையும் அளந்து, இரண்டையும் சேமிப்புக் கணக்கில் ஏற்ற வேண்டும். அளப்பதற்கான கருவி மலிவானது. ஆணையின் பின்னிணைப்பில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். அதைச் சேர்க்காத வரையில், வறியவர்களுக்கென்று ஒதுக்கிய பங்கைச் செலவழிப்பதே வீண் என்று காட்டும் எண்களை அந்த ஆணையே உற்பத்தி செய்துகொண்டிருக்கும்.